மூன்று ஓட்டை ஸ்டெப்னி

பூஜெமா சத்தியம் செய்துவிட்டார்.

ஏதோ வாய் தவறி வந்த சத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். காபிக்கடையில், நாலு பேர் பார்க்க, கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாஹ்வின் மேல் ஆணையாக என்று ஆரம்பித்து, "சரியான ஸ்டெப்னி கெடைக்கிற வரைக்கும் என் பிக்கப் பூஸாதாவ விட்டு வெளிய போகாது!" என்று முடித்தார். டோமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் காயைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார்கள். இந்தச் சத்தியத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் சத்தியம் கேட்க நன்றாக இருந்தது. "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் காயை இறக்கினார்கள்.

பூஜெமா மிதப்பாக வீட்டுக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் சத்தியம் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி ஸுலீகா வாசலில் நின்றிருந்தாள்.

"சத்தியம் பண்ணினியாமே."

"பண்ணினேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் பண்ணினேன். மலைப்பாத. ஸ்டெப்னி இல்லாம மலையேறுறவன் கிறுக்கன்."

"முப்பது வருஷமா அதே மலையில தர்பூசணி ஏத்திக்கிட்டுப் போனியே. அப்ப கிறுக்கனா?"

"அப்ப ஸ்டெப்னி இருந்துச்சு."

"இப்ப அது எங்க?"

பூஜெமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. நல்ல நீளமான இருமல். இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஷூராவன்று அந்த ஊரில் அடுப்பு பற்றவைக்காத வீடு இருந்தாலும் இருக்கும், செத்தவர்களைப் பார்க்க மையவாடிக்குப் போகாத வீடு இருக்காது. பெண்கள் குடத்தில் தண்ணீரும், துணியில் அத்திப்பழமும் ரொட்டியுமாகப் போவார்கள். தங்கள் வீட்டுக் கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, போனவர்களிடம் வீட்டுக் கதையெல்லாம் ஒப்பித்துவிட்டு வருவார்கள். பூஜெமா தம்பதிக்கு ஒரே மகன், ஷெம்சு. அவன் அந்த மையவாடியில் இல்லை. வடக்கே, கடலோரத்தில், கோலோ என்கிற ஊரில் இருந்தான். அங்கே அவனுக்கு வேலை கிடையாது, வீடு கிடையாது. கபர் மட்டும் இருந்தது.

அக்கரைக்குப் போய்ச் சம்பாதிக்கிறேன் என்று படகேறிய பையன். படகு அக்கரை சேரவில்லை. கடல் அவனைத் திருப்பித் தந்தபோது பார்க்கிற நிலையில் இல்லை. ஸுலீகாவின் தம்பிதான் போய், சட்டையை வைத்து அடையாளம் சொல்லி, அன்றைக்கே அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தான். பெற்றவர் போகவில்லை. வண்டி கிளம்பவில்லை என்றார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அந்த வண்டி ஊருக்குள் மட்டும் கல்லு மாதிரி ஓடியது. ஊரைத் தாண்ட வேண்டுமென்றால்தான் அதற்கு ஒன்று மாற்றி ஒன்று நோவு. முதலில் பேட்டரி. அப்புறம் ரேடியேட்டர். போன வருஷத்திலிருந்து ஸ்டெப்னி. மற்ற நோவெல்லாம் சரியாகிவிடும் ஆபத்து இருந்தது. ஸ்டெப்னி நோவு அப்படி இல்லை. அதைப் பிடித்ததும் பூஜெமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயந்த மனுஷன், அவ்வளவுதான். கபரைப் பார்க்காத வரைக்கும் பையன் அக்கரையில், மார்ஸேயில் எங்கேயோ தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான், சோம்பேறிப் பயல், வீட்டுக்கு ஒரு போன் போடத் துப்பில்லை. தினமும் காலையில் முகம் கழுவும்போது அவனை மனசுக்குள் திட்டுவார். திட்டினால்தான் அவருக்கு அந்த நாள் ஓடும். போய்ப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது?

போன ஆஷூராவுக்கு ஸுலீகா உள்ளூர் மையவாடிக்கே தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். யாருமே வராத ஒரு கபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குத் தெளித்துவிட்டு வந்தாள். அது யாருடையது என்று பூஜெமா கேட்டார். "தெரியாது. பெத்தவ எங்க இருக்காளோ, வர முடியலையோ என்னமோ" என்றாள். அன்று முழுக்க அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இந்த வருஷம் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஆஷூராவுக்கு நாம கோலோ போறோம். பஸ்ஸில் போகலாமா? முட்டி வலி, உட்கார முடியாது என்றார். தம்பியின் காரில்? "என் பையனைப் பாக்க அடுத்தவன் வண்டியிலயா?" என்று எகிறினார். சரி, நம்ம வண்டி என்றாள். அதற்குத்தான் அந்தச் சத்தியம்.

மறுநாள் காலை பூஜெமா ஸ்டெப்னி தேடக் கிளம்பினார். கொட்டுமேளம் ஒன்றுதான் குறை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்காமலே சொன்னார். தேடுகிற மனுஷனை யாராலும் குறை சொல்ல முடியாது. அதுதான் அவருடைய கணக்கு. தேடிக்கொண்டே இருக்க வேண்டும், கிடைத்து மட்டும் விடக் கூடாது.

கிடைப்பதும் குதிரைக்கொம்புதான். பிரான்சுக்காரன் எந்தக் காலத்திலோ செய்து எந்தக் காலத்திலோ மறந்துபோன மாடல் அது. ஊரில் ஓடுகிற வண்டிகளின் ரிம்முக்கெல்லாம் நாலு ஓட்டை, அஞ்சு ஓட்டை, ஆறு ஓட்டை. இதற்கு மட்டும் மூன்றே ஓட்டை. டயரும் அப்படித்தான். இந்தக் காலத்து டயரெல்லாம் குட்டை, குண்டு. இதற்கு ஒல்லியும் உயரமுமாக வேண்டும்.

கத்தூர் பஞ்சர் கடை வைத்திருப்பவன். பூஜெமாவைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"வாங்க பெரியப்பா! ஊரே உங்க சத்தியத்தப் பத்தித்தான் பேசுது. இங்க பாருங்க, ஒல்லியா ஒரு டயரு. உங்க சைசு. ஸெத்தீஃப்ல இருந்து வந்துச்சு. பட்டன் கூடத் தேயல."

பூஜெமா டயரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ரிம் எங்க?"

"ரிம் இல்ல பெரியப்பா. டயரு மட்டுந்தான்."

"ரிம் இல்லாம டயர வச்சு என்ன பண்ண? கழுத்துல மாட்டிக்கவா?"

"ரிம் இருந்தாக் கொண்டாங்க. ஏத்தித் தரேன்."

"எங்க இருக்கும் மூணு ஓட்டை ரிம்மு? போச்சுப்பா, எல்லாம் போச்சு. இனி நாடு முழுக்கத் தேடினாலும் கெடைக்காது!"

இதை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

"பெரியப்பா," என்றான் கத்தூர். "நீங்க ஸ்டெப்னி தேடுறீங்களா, புடிக்காத மாப்பிள்ளைக்குக் கொற தேடுறீங்களா?"

பூஜெமா குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரி வந்து கேட்டான்னா, எங்கயுமே இல்ல, கெடைக்கவே கெடைக்காதுன்னு சொல்லிடு. என்ன?"

கத்தூர் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். ஷெம்சுவும் அவனும் சின்ன வயசில் ஒரே தெருவில் பந்து உதைத்தவர்கள்.

"அவங்க முந்தாநாளே வந்து கேட்டுட்டாங்க பெரியப்பா."

"நீ என்ன சொன்ன?"

"ரிம் கொண்டாங்கன்னு சொன்னேன்."

பூஜெமா ஆண்களிடம் சத்தியம் செய்தார். ஸுலீகா ஹம்மாமில் குளிக்க வந்த பெண்களிடம் சொல்லிவைத்தாள். இரண்டில் எது வேகமாக வேலை செய்யும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அன்று சாயங்காலமே முற்றத்தில் ஒரு சக்கரம் வந்து கிடந்தது. அதற்குள்ளே புதினா செழிப்பாக வளர்ந்திருந்தது.

"என்னது இது?"

"டயரு."

"புதினா இருக்கு."

"புடுங்கிட்டா டயரு."

பூஜெமா குனிந்து பார்த்தார். "நாலு ஓட்டை. ஒத்து வராது."

"நமக்கு எத்தனை?"

"மூணு."

"ஓஹோ" என்றாள் ஸுலீகா. புதினாவோடு அதை மூலைக்கு உருட்டினாள்.

மறுநாள் கோழிப்பண்ணைக்காரியின் சக்கரம் வந்தது. கோழிகள் அதில் தண்ணீர் குடித்துப் பழகியவை. இரண்டு கோழிகள் பின்னாலேயே நடந்து வந்துவிட்டன.

"இது குண்டு" என்றார் பூஜெமா.

"எவ்வளவு ஒல்லியா இருக்கணும்?"

விரலை விரித்துக் காட்டினார். ஸுலீகா ஒரு கம்பளி நூலை எடுத்து அவர் விரலுக்கு நேராகப் பிடித்து, முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்து வந்ததைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏண்டி, இது கழுத வண்டிச் சக்கரம்!"

"மூணு ஓட்டை இருக்கே."

"நம்ம வண்டியில கழுத எங்க இருக்கு?"

ஸுலீகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே முற்றம் நிறைந்தது. நடக்க வழியில்லை. பூஜெமாவுக்கும் உள்ளுக்குள் ஒரு ருசி தட்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதிலும் முப்பது வருஷம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தியவர். ஒரு நாள் மடை திறந்தாற்போல் பேச ஆரம்பித்தார்.

"நடு ஓட்டை என் உள்ளங்கை அகலம் இருக்கணும். சின்னதா இருந்தா உக்காராது. ஓரத்துல மூணு கொக்கி, மூடி மாட்டறதுக்கு. உள்பக்கம் ஒரு பள்ளம். காத்தடைக்கிற வால்வு ரெண்டு ஓட்டைக்கு நடுவுல வரும். வெளியில சாம்பல் கலரு, உள்ள கறுப்பு. பாத்தாலே தெரியும். ராசாத்தி மாதிரி இருக்கும்."

ஸுலீகா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் சொன்னதை விட மாட்டாள்.

"கொக்கி மூணா?"

"மூணு."

"சாம்பல் கலரு?"

"சாம்பலு."

"சரி."

அடுத்த நாள் ஒரு டயரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒழிந்தது, ஊரிலிருக்கிற டயரெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பூஜெமா நிம்மதியாகக் காபி ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. கோப்பை அப்படியே நின்றது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். மாடியில் ஷெம்சுவின் வீடு இருந்தது. வீடு என்றால் தூண்கள். கல்யாணம் ஆனால் பையன் குடியிருக்க வேண்டுமே என்று பூஜெமா எழுப்பிய தூண்கள். மேலே கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. அந்த ஊரில் வீடு எழும்பும்போது திருஷ்டி படாமலிருக்க ஒரு பழைய டயரை உச்சியில் கட்டித் தொங்கவிடுவார்கள். பார்க்கிறவன் கண் வீட்டின் மேல் விழாமல் டயரின் மேல் விழட்டும் என்று. தூண் நிமிர்ந்த அன்றைக்குத் தெருவே கூடி நின்று "ஆகா, பூஜெமா மகனுக்கு மாளிகை கட்டுறாரு" என்றது. கண் பட்டுவிடுமே என்று அவர் பயந்தார். கத்தூர் ஒரு கிழிந்த டயரை எடுத்துவந்து நீட்டினான். பூஜெமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பையன் வீட்டுக்குக் கிழிஞ்ச டயரா?" எல்லோரும் போன பிறகு, தன் பிக்கப்பின் ஸ்டெப்னியை, ரிம்மோடு, குத்துக்கல்லாட்டம் இருந்த நல்ல டயரோடு தூக்கிக்கொண்டுபோய்க் கட்டினார். திருஷ்டிக்குப் புது டயர் கட்டிய ஆள் பூஸாதாவிலேயே அவர் ஒருத்தர்தான். கத்தூர் கொடுத்ததைத்தான் கட்டினேன் என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

கடல் அந்தப் பையனைக் கொண்டுபோனது. டயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகப் பூஜெமா தலையைத் தூக்கி மாடியைப் பார்த்ததே இல்லை.

இப்போது படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"முட்டி வலி எங்க போச்சு?" என்றாள் ஸுலீகா திரும்பாமலே. அவள் கம்பியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எறங்குடி! அதத் தொடாத!"

"மூணு ஓட்டை."

"ஸுலீகா..."

"ஒல்லி." நூலை இடுப்பிலிருந்து உருவி வைத்துப் பார்த்தாள். "முடிச்சுக்கு முடிச்சு சரியா இருக்கு. கொக்கி மூணு. சாம்பல் கலரு. எல்லாம் நீ சொன்னதுதான் மனுஷா. பாத்தாலே தெரியும்னு சொன்னியே, பாத்ததுமே தெரிஞ்சுது."

"அத எறக்கக் கூடாது. கண்ணு பட்டுடும்."

"யாரு கண்ணு?"

"ஊரு கண்ணு."

"எதுமேல?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். பூஜெமா சுற்றிலும் பார்த்தார். மூட்டையோடு இறுகிக் கல்லாகிவிட்ட சிமெண்டு. துருப்பிடித்த கம்பி. பையன் கரியால் சுவர் இல்லாத இடத்தில் கோடு போட்டு, இது சமையலறை, இது அறை என்று குறித்திருந்த இடம். மழை அந்தக் கோட்டையும் அழித்துவிட்டிருந்தது. இனி இந்த வீட்டைப் பார்த்து எவன் வயிறெரிவான்? ஊரிலேயே ஒருத்தரும் பொறாமைப்படாத வீடு இதுதான்.

"இன்னும் கொஞ்ச நாள் தொங்கட்டுமே" என்றார், குழந்தை மாதிரி. "அவுத்துட்டா அப்புறம்..."

"அப்புறம்?"

அவர் டயரைத் தடவினார். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"கம்பிய அவுத்துக் குடு" என்றாள். "எனக்குக் கை எட்டல."

முறுக்கின கையேதான் அவிழ்த்தது. துருவேறிய கம்பி விடமாட்டேன் என்றது. பூஜெமா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, திருகித் திருகி அவிழ்த்தார். ஸுலீகா அவரைப் பார்க்காமல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு, போகிறவர் வருகிறவர்களை எண்ணுகிறவள் மாதிரி நின்றாள்.

கத்தூர் சக்கரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். வெயிலில் கிடந்த ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டிருந்தது. "ரப்பர் போச்சு. ரிம்மு தங்கம் பெரியப்பா" என்றான். பழையதைக் கழற்றி, அந்த ஒல்லி டயரை ஏற்றி, காற்றடித்து, எச்சில் தொட்டு வால்வில் வைத்துப் பார்த்தான். காற்று கசிந்து முட்டை விடவில்லை. கிழிந்த டயரை வேண்டாம் என்ற மனுஷன் அன்றைக்கு எதைக் கட்டினார் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வண்டிக்குப் பின்னால் அவனே தூக்கிவைத்துக் கட்டினான்.

பூஜெமாவிடம் இன்னும் கொஞ்சம் சரக்கு பாக்கியிருந்தது.

"ஜாக்கி இல்ல."

"சீட்டுக்குப் பின்னால இருக்கு."

"ஸ்பேனர்?"

"எண்ணெ போட்டு வச்சிருக்கேன்."

"ஸ்டெப்னின்னா அதுல ஜாக்கி, ஸ்பேனர், டார்ச்சு லைட்டு எல்லாம் சேத்தி. டார்ச்சு லைட்டு எங்க?"

"சத்தியத்துல டார்ச்சு லைட்டு வரல. காபிக்கடையில ஆளனுப்பிக் கேட்டுட்டேன்."

ஆஷூராவன்று விடியும் முன்னே கிளம்பினார்கள். ஸுலீகா மடியில் ஒரு கேன் தண்ணீர். பூஸாதாத் தண்ணீர்தான் அவனுக்குப் பிடிக்கும் என்றாள். பூஜெமா ஸெத்தீஃப் தாண்டி மலை ஏற ஏற, ஒரு பஞ்சர் ஆகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வாழ்நாளில் அந்த ரோட்டில் எத்தனை ஆணி, எத்தனை முள், எத்தனை லாடம் அவர் டயரைக் கிழித்திருக்கின்றன! அன்றைக்கு உதவிக்கு ஒரு குண்டூசி வரவில்லை. மூன்று தடவை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். டயரெல்லாம் கிண்ணென்று நின்றன.

"என்ன பாக்குற?"

"காத்து."

"இருக்கா?"

"இருக்கு" என்றார், அழாத குறையாக.

அவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மலை முடிந்தது. கடல் தெரிந்தது. பூஜெமா கடல் பக்கம் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். கோலோவின் மையவாடி ஒரு சரிவில் இருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

"வண்டிக்கு என்ன?"

"ஸ்டெப்னிய எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"தூக்கட்டும். அதான் வந்து சேந்துட்டோமே."

"திரும்பிப் போகணுமே."

"திரும்பிப் போறதுக்கு நீ சத்தியம் பண்ணல." ஸுலீகா சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள். "எறங்கு மனுஷா. பையன் ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்கான்."

இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை காரணம் முட்டி இல்லை. அவள் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள், அவர் பின்னால். எத்தனையோ கபர்கள். நடுநடுவே பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஸுலீகா யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒரு அத்தி மரத்தைச் சுற்றி, இடதுபக்கம் இறங்கி, நேராகப் போய் ஒரு கபரின் தலைமாட்டில் நின்றாள். சுற்றிலும் வெள்ளையடித்த கல். பலகையில் பெயர் எழுதியிருந்தது. ஷெம்சுத்தீன், பூஜெமா மகன்.

தன் பெயரும் அங்கே இருக்கும் என்று பூஜெமா நினைத்துப் பார்த்ததில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிரார்த்தனை வரவில்லை. வழக்கமாக வருவதுதான் வந்தது.

"ஏன்டா, ஒரு போன் போட முடியாதாடா ஒனக்கு?" என்றார் சத்தமாக. "சோம்பேறிப் பயலே. ஒங்கம்மா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் ஒருத்தன் இங்க, தூண எழுப்பிட்டு, கம்பியெல்லாம் துருப்புடிச்சு... எப்படா வருவ, எப்படா..."

அதற்கு மேல் திட்ட முடியவில்லை. நெற்றியை அந்த வெள்ளைக் கல்லில் வைத்து, இரண்டு வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். ஸுலீகா அவர் முதுகில் ஒரு கையை வைத்தபடி மற்றக் கையால் மண்ணில் தண்ணீரை ஊற்றினாள். "அப்பா வந்துட்டாருடா" என்று மட்டும் சொன்னாள்.

வெகுநேரம் கழித்து, மையவாடியைப் பார்த்துக்கொள்கிற கிழவர் கையில் மண்வெட்டியோடு அந்தப் பக்கமாக வந்தார். ஸுலீகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா. போன மாசம் நீங்க வச்ச செடி வேர் புடிச்சுக்கிச்சு பாத்தீங்களா?"

பூஜெமா தலையைத் தூக்கினார். போன மாசமா? போன மாசம் இவள் ஸெத்தீஃபில் தங்கச்சி வீட்டுக்கல்லவா போயிருந்தாள்? மாசாமாசம் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறவள் அல்லவா? பிக்கப்பில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டதே இவர்தானே! பூஜெமா மனைவியைப் பார்த்தார். அவள் கேனின் மூடியை மிகவும் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தாள்.

கிழவர் குனிந்து, அழுது வீங்கிய அந்த முகத்தை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கதானா ஹாஜி?" என்றார். "ஒருவழியா டயரு கெடச்சுதா?"